பதினாறடிச் சிலுவை

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் சந்தியாகுவுக்கு வாழ்க்கையில் ஒரே கொள்கைதான் உண்டு. டி-ஷர்ட் என்றால் ரவுண்ட் நெக். போன வருஷம் கோயில் திருவிழாவுக்குப் பங்கு மக்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-ஷர்ட் தைக்கலாம் என்று ஃபாதர் சொன்னபோது, கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொன்னார். உடனே பவர் டேபிள் தையல் கான்ட்ராக்டர் மதலைமுத்து எழுந்தார்.

"காலர் வேணுமுங்க. கோயிலுக்கு ஒரு மரியாதை வேண்டாமுங்களா?"

திருப்பூரில் சண்டைக்கு இதைவிடப் பெரிய காரணம் எதற்கு? ஒற்றுமைக்காகத் தைக்கவிருந்த சட்டை இரண்டு விதமாகத் தைக்கப்பட்டது. அன்றிலிருந்து கோயிலில் காலர் கட்சி வலப்பக்கம், ரவுண்ட் நெக் கட்சி இடப்பக்கம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில்கூட அவரவர் கட்சிக்கு மட்டும்தான் கும்பிடு.

மற்றவர்களுக்கு இது பொழுதுபோக்கு. மாஸ்டருக்குத்தான் தொண்டையில் முள். தூத்துக்குடியிலிருந்து வெறுங்கையோடு வந்தவருக்கு முதன்முதலில் தங்க இடம் தந்தவர் மதலைமுத்து. மாஸ்டரின் மகள் ரோஸ்லினுக்கு ஞானத்தகப்பனும் மதலைமுத்துதான். ஈஸ்டர் முடிந்ததும் ரோஸ்லினுக்குக் கல்யாணம். "ஞானப்பா வராம நான் பீடத்துக்கு வரமாட்டேன்" என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். கல்யாணப் பத்திரிகை ஒரு வாரமாக மாஸ்டரின் பேண்ட் பையில் கசங்கியது. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கால் எழவில்லை.

இந்த லட்சணத்தில், கோயிலின் பழைய சிலுவையைக் கரையான் தின்றுவிட்டது. பெரிய வெள்ளிக்குப் புதுச் சிலுவை செய்யும் பொறுப்பு மாஸ்டரிடம் வந்தது. "காலர்காரன் ஒருத்தனும் தொட வேண்டாம், நான் தனியாவே சுமக்கேன்" என்று சபதம் செய்தார். எட்டடி உயரம், நாலடி அகலம் என்று சீட்டில் எழுதித் தச்சர் சின்னானிடம் கொடுத்தார்.

பெரிய வெள்ளி காலை, சிலுவைப் பாதை தொடங்க அரைமணி நேரம் இருக்கும்போது டாடா ஏஸில் சிலுவை வந்தது. வண்டி முடிந்த பிறகும் சிலுவை முடியவில்லை. பதினாறடி.

"ஏ சின்னானு, எட்டுன்னுதானய்யா எழுதுனேன்!"

"நானும் பத்து வருஷம் கட்டிங்ல இருந்தவனுங்க மாஸ்டரு. துணிய ரெண்டா மடிச்சு வெட்டறதால கம்பெனிக்காரங்க பாதி அளவுதானுங்க எழுதுவீங்க? அதான் எல்லாத்தையும் ரெண்டு மடங்காப் போட்டுட்டனுங்க."

"சிலுவைய எவன்யா மடிப்பான்?"

"சாமி சமாச்சாரமுங்க. குறைஞ்சு போச்சுன்னா பாவமுங்களே."

மாஸ்டர் குனிந்து தூக்கிப் பார்த்தார். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஆறு ரவுண்ட் நெக்குகள் சேர்ந்ததும் தலைப்பக்கம் எழுந்தது, கால்பக்கம் தெருவிலேயே கிடந்தது. எதிரே காலர் கட்சி கைகட்டி வேடிக்கை பார்த்தது. ஃபாதர் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். சிலுவைப் பாதையின் பதினாலு ஸ்தலங்களில் ஆண்டவர் முதன்முறை விழுவது மூன்றாவதில். மாஸ்டரோ முதல் ஸ்தலத்துக்கு முன்பே முழங்காலில் விழுந்துவிட்டார்.

எழுவதற்குள் பாரம் சற்றுக் குறைந்தது. திரும்பினால் பக்கத்தில் மதலைமுத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் காலர்கள் ஒவ்வொன்றாக வந்து நுழைந்தன.

"நீங்க எதுக்கு?" என்றார் மாஸ்டர், வீம்பு இன்னும் இறங்காமல்.

"உங்களுக்காக வரலீங்க. இது உங்க ஊட்டுச் சிலுவையும் இல்லீங்க."

சிலுவை எழுந்தது. ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் வேகமாக நடந்தால் மறுபக்கம் சாய்ந்தது. ஒரு வருஷமாக முகம் பார்க்காதவர்கள் "மெதுவா, மெதுவா", "பள்ளமுங்க, பாத்து" என்று பேசியே தீர வேண்டியிருந்தது. பாட்டும் ஒரே குரலில் வந்தது. இரண்டு ராகத்தில் பாடினால் கால் தப்பிவிடும்.

நான்காம் ஸ்தலத்துக்குள் மாஸ்டரின் வெறுங்கழுத்தை மரம் உரசித் தோலைக் கிளப்பிவிட்டது. மதலைமுத்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொகுசாக நடந்தார்.

"காலர் எதுக்குன்னு இப்பத் தெரியுதுங்களா மாஸ்டரு?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. சொன்ன அளவிலேயே சிலுவை வந்திருந்தால் வீம்புக்குத் தனியாகவே சுமந்து தொலைத்திருப்பேனே என்று நினைத்துப் பார்த்தார். ஆண்டவரே, சின்னானை ஆசீர்வதியும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, என் பேண்ட் பையில ரோஸ்லின் கல்யாணப் பத்திரிகை இருக்கு. எடுத்துக்கிடுங்க."

"ரெண்டு கையும் சிலுவையில இருக்குதுங்களே. அப்படியெல்லாம் வாங்க மாட்டனுங்க. சாயங்காலம் ஊட்டுக்கு வந்து, தாம்பாளத்துல வெச்சு முறையாக் குடுங்க."

"வாரேன்."

"காலர் சட்டை போட்டுட்டு வாங்க."

மாஸ்டர் நாலு அடி நடக்கும்வரை யோசித்தார். சிலுவை தோளில் அழுத்தியது.

"சரி" என்றார்.