வாசலில் கழற்றிய வேர்கள்

வாகை உள்ளே வரும்போது நிலைப்படியில் கிளையை இடித்துக்கொண்டது. வேர்களை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரும் மரங்கள் முதலில் சற்றுத் தள்ளாடும். அது நிதானிக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

"நிழலை மேசைமேல வைப்பா," என்றார் எங்கள் மரத் தேர்வுக் குழுவின் தலைவர் மாசிலாமணி.

வைத்தது. அதன் அடியில் நான் ஒரு சோளக் கதிரைப் பிடித்தேன். கதிர் துவண்டது. வாகை நிழலைச் சுருட்டிக்கொண்டு வெளியேறியது.

தெய்வாத்தாளின் மேட்டுக்காட்டுக்கு ஒரு நாட்டு மரம் வேண்டும். சோளத்தை அமுக்காத நிழல், கோடையிலும் தழை, அடுப்புக்கு விறகு, எல்லாவற்றையும் ஒன்றே தர வேண்டும். மரம் அமையாவிட்டால் மாலையில் அவளுடைய ஆடுகளை வியாபாரி ஓட்டிப்போய்விடுவார். தழையைப் பற்றி முடிவு சொல்ல அவளது வெள்ளாடு என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தது.

அடுத்து வயதான இலுப்பை. ஆடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வயசுக்காச்சும் மருவாதி குடு, கழுத," என்றாள் தெய்வாத்தாள். இலுப்பை விடுவிடென்று வெளியேறியது.

கடைசியாக உசிலை வந்தது. சல்லடையில் சலித்தது போன்ற நிழல். கதிர் என் கையில் நிமிர்ந்தது. ஆடு கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"தலைக்குத் தேய்க்க அரப்பும் ஆச்சுங்க," என்றாள் அவள். மாசிலாமணி எழுந்து நின்று கும்பிட்டார்.

வாசலில் உசிலையின் வேர்களைக் காணோம்.

"கல்யாண மண்டபத்துச் செருப்பாட்ட ஆயிப்போச்சு. பெரியவரு மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாருங்க," என்றாள் தெய்வாத்தாள்.

இலுப்பையின் வேர்கள்தான் கிடந்தன. சாலை நெடுகப் போயிருந்தன, மறுமுனை தெரியவில்லை.

"இது இவனுக்குத் தொளதொளன்னு இருக்குமே, அம்மா," என்றார் மாசிலாமணி.

"தேடிப் போனா பொழுது எறங்கீரும். யாவாரி வந்துருவானுங்க. போட்டுக்கட்டும்."

தென்னை நாரைத் திணித்து இறுக்கிக் கட்டினோம். உசிலை நடந்தது. பின்னால் வேர்கள் இழுபட்டு வந்தன. அவை பிடித்திருந்த எதையும் விடவில்லை. முதலில் ஒரு வரப்பு வந்தது, பிறகு ஓர் ஓடை, பிறகு மலை. அவ்வளவு பெரிய மலை சத்தமே இல்லாமல் வந்தது. உச்சியில் இருந்த மேகமும் கலையாமல் கூடவே வந்தது. சாலையில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி, அது கடக்கும்வரை நின்றார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

மேட்டுக்காட்டில் வியாபாரி கயிறுகளோடு உட்கார்ந்திருந்தார். உசிலை சோளத்துக்கு நடுவே போய் நின்று ஒரு கிளையைத் தாழ்த்தியது. ஆடுகள் தழையைப் பார்த்து ஓடின.

"வெறுங்கையோடவா அனுப்பறே, ஆத்தா?"

"மோர் குடிச்சுட்டுப் போங்க."

வியாபாரி கயிறுகளைத் தோளில் போட்டுக்கொண்டார். மலை வேலிக்கு வெளியே வந்து நின்றது. ஓடை தானாகச் சோளத்துக்குள் திரும்பியது.

களத்தில் சாக்கின்மேல் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தெய்வாத்தாள் சாக்கின் இரு முனைகளையும் பிடித்து, மலையின் நிழல் படாத இடத்துக்கு இழுத்துப் போட்டாள்.