பம்பரத்தின் இடது கால்

கண்ணாடிக்கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கிவிட்டால், உள்ளே வியாபாரம் முடிந்து வழக்கு தொடங்கிவிட்டது என்று அந்தத் தெருவுக்கே தெரியும். பார்வை பரிசோதிக்கிற உயர நாற்காலியில் பள்ளி வேன் ஓட்டுகிறவன் ஏறி உட்கார்ந்துகொள்வான். எழுத்துகள் பெரிதிலிருந்து பொடியாக இறங்குகிற பலகைக்குக் கீழே டியூஷன் வாத்தியார். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால், கையில் துடைக்கிற துணியோடு. லிஃப்ட் மெக்கானிக் கதவோரத்து பிளாஸ்டிக் முக்காலியில். அவன் வாயைத் திறப்பது அபூர்வம் என்பதால் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்தவன் வேன்காரன்.

நான்கு பேரையும் ஓர் இடத்தில் உட்கார வைத்தது ஊரின் கூடைப்பந்து அணி. போன பருவத்தில் அது கடைசிக்கு முந்தைய இடத்தில் முடிந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு நிர்வாகம் பழைய ஆட்களை வழித்தெறிந்துவிட்டு இளம்பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தது. பன்னிரண்டு பேர் பட்டியல் வெள்ளிக்கிழமை வரும். அதில் பதினோரு பேர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். மிச்சமிருந்த ஓர் இடத்துக்கு இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் நெட்டை, ரசிகர்கள் ஏணி என்பார்கள். இன்னொருவன் குட்டை, பந்தோடு சுழன்று சுழன்று போவதால் பம்பரம். பம்பரம் மெக்கானிக்கின் மச்சினன். மனைவியோடு கூடப் பிறந்த ஒரே தம்பி. மெக்கானிக்கின் வீட்டில் தங்கித்தான் பயிற்சிக்குப் போய் வந்தான்.

"தூணைத் தூக்கிட்டானுங்களே, முதல்ல அதுக்குப் பதில் சொல்லு," என்றார் கடைக்காரர். வளையத்தடியில் பத்து வருஷம் நின்று ஆடிய மூத்த ஆட்டக்காரரைத்தான் தூண் என்பார்கள். "முப்பத்தஞ்சு வயசானா மனுஷன் செத்துட்டானா? நான் அறுபதுல கடை நடத்தல?"

"நீங்க கடைதான் நடத்துறீங்கண்ணே. எகிறிப் பந்து பிடிக்கல," என்றான் வேன்காரன்.

"அந்தக் கோச்சுக்கு ஓசியிலேயே ஒரு கண்ணாடி போட்டுத் தரேன், வரச் சொல்லு."

"இளசுகளை வெச்சு மூணு வருஷத்துல அணியைக் கட்டுறாங்க. அதுல தப்பில்ல," என்றார் வாத்தியார் நிதானமாக.

"மூணு வருஷமா? சார், உங்ககிட்ட படிச்சு பெயிலான பையனோட அப்பன்கிட்டயும் இதையேதான் சொல்வீங்களா? டிக்கெட்டு வாங்குறது நான், தோத்துட்டு வந்து தூக்கம் வராம புரள்றது நான். அவங்க மூணு வருஷம் கட்டிட்டே இருப்பாங்களா?" வேன்காரன் நாற்காலியின் கைப்பிடியில் அடித்தான். "சரி, இளசுதான்னா நல்ல இளசா எடுங்கய்யா. ஏணியை எடு. அந்தப் பம்பரம் எதுக்கு? போன வாரம் பயிற்சி ஆட்டத்துல பார்த்தீங்களா? வளையத்துக்கிட்ட போகவே மாட்டேங்கிறான். ஒரு பெரிய ஆள் குறுக்க நின்னா போதும், பந்தை அடுத்தவன் தலையில கட்டிட்டு ஒதுங்கிடுறான்."

"அடேய், மாமன் உக்காந்திருக்கான்," என்று கடைக்காரர் கண்ணைக் காட்டினார்.

"இருக்கட்டுமே. ஊமைக்கோட்டானுக்கும் தெரியணும். உன் மச்சினன் பயந்தாங்கொள்ளிப்பா. உடம்பைப் பொத்திப் பொத்தி ஆடுறான். ஆடப் பயமா இருந்தா வீட்டுல உக்காந்து அக்கா கையால சாப்பிட்டுட்டு டிவி பார்க்கலாம்ல?"

மெக்கானிக் தரையைப் பார்த்தான். ஒரு மாதமாக அவன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் மச்சினனுக்கு வக்காலத்து என்பார்கள் என்று தெரிந்துதான் வாயைக் கட்டியிருந்தான். கோபம் அவனுக்கு மற்றவர்களைப் போல வருவதில்லை. அது கிணற்றில் ஊறுவது போல அடியிலிருந்து மெல்ல ஏறும். ஏறுவது வெளியே தெரியாது. விளிம்பைத் தாண்டும்போதுதான் அவனுக்கே தெரியும்.

"பயந்தாங்கொள்ளியா?" என்று எழுந்தான். முக்காலி பின்னால் சரிந்தது. "யாருடா பயந்தாங்கொள்ளி? இடது பாதத்துல எலும்பு விரிசல் விட்டிருக்கு அவனுக்கு. வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்தவன் நான். அந்தக் காலை ஊன்றி எகிற முடியாமத்தான் பந்தைக் குடுக்குறான். அந்த வலியோட நாற்பது நிமிஷம் ஓடுறான். நீ ஓடுவியா? வேன்ல ஏசி ஓடலைன்னா லீவு போடுற ஆளு நீ!"

கடைக்காரரின் துணி கண்ணாடிமேல் அப்படியே நின்றது. வேன்காரன் நாற்காலியிலிருந்து இறங்கி வந்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது. மன்னிச்சுடு."

"இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கணும்," என்றான் மெக்கானிக். மூச்சு வாங்கியது. "பட்டியல் வந்து ஒப்பந்தம் போட்டுட்டா வைத்தியத்தை கிளப்பே பார்த்துக்கும். அதுவரைக்கும் ஒரு உயிருக்குத் தெரியக் கூடாது."

மூன்று பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். வீட்டுக்கு நடக்கும்போது மெக்கானிக்கின் நெஞ்சு லேசாக இருந்தது. பையனின் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்றுகூட நினைத்தான்.

மறுநாள் அவன் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று கம்பிவடத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. நடுவில் ஒரு கைவிளக்கு. போன் அடித்தது. மச்சினன்.

"மாமா, கிளப்புல உடனே ஸ்கேன் எடுக்கணும்னு சொல்றாங்க. இடது கால்னு கரெக்டாச் சொல்றாங்க."

மெக்கானிக் மசகுத் துணியைக் காலடியில் வைத்தான்.

"நெட்டுல ரசிகர்கள் பக்கத்துல யாரோ எழுதியிருக்காங்களாம். 'உடைந்த எலும்போடு ஓடும் வீரன், இவனையா கோழை என்றோம்'னு. ஆயிரக்கணக்குல பகிர்ந்திருக்காங்க. யாருக்கு மாமா தெரியும்? எனக்குத் தெரியும். அந்த டாக்டருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும்."

பையன் காத்திருந்தான். கீழே ஏதோ ஒரு மாடியில் யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். மெக்கானிக் நாக்கை அசைக்கப் பார்த்தான். நேற்று அவ்வளவு சரளமாக ஓடிய நாக்கு இப்போது மரக்கட்டையாகக் கிடந்தது. அந்த மௌனமே பதிலாகப் போய்ச் சேர்ந்தது. எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. பன்னிரண்டாவது பெயர் ஏணியுடையது.

அன்று சாயந்திரம் மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்தபோது மச்சினன் சோபாவில் படுத்திருந்தான். முழங்கால்வரை மாவுக்கட்டு. கட்டுக்குக் கீழே தலையணை. மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் உட்காராமல் அவனுக்காகக் காத்திருந்தாள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"ஊருக்கெல்லாம் தெரியுது, கூடப் பொறந்தவளுக்குத் தெரியல," என்றாள். "தினம் காலையில இவனுக்கு ஷூவை எடுத்துக் குடுத்து அனுப்பினது நான். உடைஞ்ச காலுக்கு ஷூ எடுத்துக் குடுத்திருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து என்னை நல்லா முட்டாளாக்கியிருக்கீங்க."

"அக்கா, நான்தான் சொல்ல வேண்டாம்னேன்."

"நீ வாயை மூடு. உன் முறை அப்புறம் வருது." அவள் கணவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்கிட்ட பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை பேசுற மனுஷன். கல்யாணமான நாள்லேர்ந்து, சரி, அவர் சுபாவம் அதுன்னு விட்டுட்டேன். அந்தக் கண்ணாடிக்கடையில மட்டும் எப்படிங்க வாய் வந்துச்சு? கால் உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சே ஓட விட்டது ஒரு தப்பு. அதை எனக்குச் சொல்லாம அந்த வெட்டிக் கும்பல்கிட்ட சொன்னது எந்தக் கணக்குல வரும்?"

"அவன் இவனைப் பயந்தாங்கொள்ளின்னான்," என்றான் மெக்கானிக்.

மச்சினன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை அது.

"சொல்லிட்டுப் போகட்டுமே மாமா. பட்டியல்ல பேர் வந்திருந்தா, ஆயிரம் பேர் என்னைப் பயந்தாங்கொள்ளின்னாலும் எனக்கென்ன? அந்த வார்த்தை எனக்கு வலிக்கவே இல்ல. கால்தான் வலிச்சது. அதை நான் தாங்கிட்டுத்தானே இருந்தேன்? அவன் சொன்னது வலிச்சது உங்களுக்கு. உங்களால ஒரு வார்த்தையைத் தாங்க முடியல."

பையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மாவுக்கட்டு இடித்ததில் பல்லைக் கடித்தான். உதவிக்கு நகர்ந்த மெக்கானிக்கைப் பார்க்காமலேயே கையை நீட்டித் தடுத்தான்.

மெக்கானிக் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை. அப்படியே வெளியே வந்தான்.

தெரு முழுக்க அவன் மனசு வேன்காரனை அடித்துக்கொண்டே போனது. சட்டையைப் பிடிப்பது, சுவரோடு சாத்துவது, எல்லாம் ஒத்திகை பார்த்தாயிற்று. பாதி இறங்கிய கதவுக்குக் கீழே குனிந்து உள்ளே போனான். உள்ளே அவனுக்கு முன்னால் ஒரு கோபம் எரிந்துகொண்டிருந்தது.

தரையில் அட்டைகள். வேன்காரன் மண்டியிட்டு உட்கார்ந்து பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தான். 'எங்கள் வீரன் எங்கே? கோழை நிர்வாகமே, பதில் சொல்.' மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து கட்டிக்கொண்டான்.

"அநியாயம்ப்பா! நம்ம பையனுக்கு இப்படிப் பண்ணிட்டானுங்களே! விட மாட்டோம். முதல் ஆட்டத்தன்னைக்கு வாசல்ல நின்னு கத்துறோம்."

மெக்கானிக் அவனைப் பிடித்துத் தள்ளினான். வேன்காரன் கண்ணாடிச் சட்டங்கள் தொங்கிய தாங்கியில் போய் மோதினான். சட்டங்கள் கலகலவென்று விழுந்தன.

"நீ எழுதினதாலதான்டா போச்சு! நாலு சுவத்துக்குள்ளன்னு சொன்னேன்ல? சத்தியம் பண்ணினேல்ல?"

"நான் உன் பேரையே போடலையே! நல்லதுதானேப்பா எழுதினேன்?" வேன்காரனின் முகத்தில் இருந்தது நிஜமான திகைப்பு. "திட்டினது நான். அதான் நானே எல்லார் முன்னாடியும் திருத்தணும்னு நினைச்சேன். வீரன்னு எழுதினேன். அது தப்பா?"

"விழுந்ததெல்லாம் புதுச் சரக்குடா, மிதிச்சுடாதீங்க," என்று கடைக்காரர் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

"ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத," என்றார் வாத்தியார். "கால் நிஜமாவே உடைஞ்சுதானே இருக்கு? அதோட முழுப் பருவமும் ஆடியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

ஆடவே கூடாதென்று டாக்டர் சொன்னது மெக்கானிக்குக்கு ஞாபகம் இருந்தது. பையன் காரில் திரும்பி வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதும் ஞாபகம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தான் எதுவுமே யோசிக்காமல் சரி என்று தலையாட்டியது எல்லாவற்றையும்விட நன்றாக ஞாபகம் இருந்தது. அடிக்க வந்த கை தொங்கிப் போனது. கோபம் மட்டும் போகவில்லை. போக இடம் தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஊதி மாட்டினார். வாத்தியார் முக்காலியை நிமிர்த்தி மெக்கானிக்குக்குப் பக்கத்தில் வைத்தார். அவன் உட்காரவில்லை.

"ஏணி மோசமில்லைன்னு வெச்சுக்கங்க," என்று கடைசியில் கடைக்காரர்தான் ஆரம்பித்தார். "உயரம் இருக்கு. தூண் நின்ன இடத்துல நிப்பான்."

"உயரம் இருந்தா ஆச்சா? எட்டி நின்னு போட்டா பத்துக்கு ரெண்டுதான் விழுது," என்றார் வாத்தியார்.

"அது கோச் சரியாச் சொல்லித் தரல சார்!" வேன்காரன் அட்டையை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தான். "கையைத் தோளுக்கு மேல தூக்காமலே போடுறான், கவனிச்சீங்களா? ஏதோ சோம்பேறித்தனம். அவனைச் சும்மா விடக் கூடாது, முதல் ஆட்டத்துலேயே கத்தணும்." சட்டென்று மெக்கானிக் பக்கம் திரும்பினான். குரல் தாழ்ந்தது. "ஆமா, உன் மச்சினன் அவன்கூடத்தானே இத்தனை நாள் பழகினான்? அவனுக்கு ஏதாவது இருக்கா? ஏதாவது சொன்னானா?"

மூன்று முகங்களும் ஆவலோடு அவனைப் பார்த்தன. அவமானம், சண்டை, மன்னிப்பு எல்லாம் இந்தச் சில நிமிஷத்தில் துடைத்துவிட்ட கண்ணாடி போல ஆகிவிட்டிருந்தது அந்த முகங்களில்.

மெக்கானிக்குக்குத் தெரியும். ஏணியின் வலது தோள் மூட்டு அடிக்கடி நழுவும். உடை மாற்றும் அறையில் சுவரில் சாய்ந்து அவனே அதைத் திருப்பி உள்ளே தள்ளிக்கொள்வான். யாராவது ஒருவன் கதவைக் காத்து நிற்பான். பல முறை பம்பரமே நின்றிருக்கிறான். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னான். ஒரே இடத்துக்கு முட்டிக்கொண்டிருந்த இருவரில் ஒருவன், மற்றவனுக்காகக் கதவைக் காத்திருக்கிறான். அந்த அறையில் இருந்த அத்தனை பையன்களுக்கும் தெரிந்தும் ஒருவன் வாயிலிருந்தும் அது வெளியே வரவில்லை.

ஒரு வார்த்தை போதும். தோள் என்று சொன்னால் போதும். நாளைக் காலைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும், அந்தப் பன்னிரண்டாவது இடம் மறுபடி காலியாகிவிடும். அவனுடைய கோபத்துக்கு அப்போது ஒரு கணக்கு நேராகும். சொல் நாக்கின் நுனிவரை வந்து நின்றது. அதன் ருசிகூடத் தெரிந்தது. மாவுக்கட்டுக் காலோடு அந்தப் பையன் கையை நீட்டித் தடுத்ததும் கூடவே தெரிந்தது.

"தெரியாது," என்றான்.

"எதுவுமே சொல்லலையா?"

"தெரியாதுன்னு சொல்றேன்ல?" என்று கத்தினான். கடைக்காரர் கையிலிருந்த சட்டம் மறுபடி விழுந்தது.

குனிந்து வெளியே வந்தான். அவன் கதவைத் தாண்டுவதற்குள்ளேயே உள்ளே ஏணியைப் பற்றிய வழக்கு சூடு பிடித்துவிட்டது. வேன்காரனின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. மெக்கானிக்கின் தாடை வலித்தது. இவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. வீட்டில் இரண்டு பேர் அவனோடு பேசப் போவதில்லை. நாளைக்கும் பேச மாட்டார்கள், நாளை மறுநாளும் மாட்டார்கள். அது நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டு நடந்தான். நியாயம் என்று தெரிந்த பிறகும் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.