சரிகைக்கு ஒலிக்காத கருவி

சுகாசினி கையில் பிடித்தால் மெட்டல் டிடெக்டர் உலோகத்துக்கு ஒலிக்காது, துக்கத்துக்கு ஒலிக்கும். 2022ஆம் ஆண்டு வைகாசித் திருவிழாவின் ஐந்தாம் நாள் காலை, சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் வாசலில் இது தெரியவந்தது. அவள் அப்போது நிறுவனப் பாதுகாப்பு மேலாண்மையில் இளங்கலைப் பட்டத்துக்கு முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் வரிசையைச் சோதிப்பது மாணவிகளுக்குப் பயிற்சி. ஊரே பட்டு உடுத்தி வந்திருந்ததால் மற்றவர்களின் கருவிகள் சரிகைக்கெல்லாம் கத்தின. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஆளை அனுப்புவதே அங்கே வழக்கம். சுகாசினியின் கருவியோ முந்நூறு புடவைகளுக்கு மௌனமாக இருந்துவிட்டு, வள்ளி என்ற பெண்ணிடம் மட்டும் விடாமல் ஒலித்தது.

"சரிகை தாம்மா, அனுப்பிக்கினே இரு," என்றார் மேற்பார்வையாளர் ஆனந்தராஜ்.

சுகாசினிக்கு அனுப்ப மனம் வரவில்லை. என்னவென்று கேட்டாள். "எங்கம்மா பொடவை, அக்கா. அவங்க இல்லாம மொத தபா கோயிலுக்கு வர்றேன்," என்றாள் வள்ளி. சுகாசினி அவளைத் தன் ஸ்டூலில் உட்காரவைத்து, தன் பாட்டில் தண்ணீரைக் கொடுத்து, நழுவிய முந்தானையில் ஊக்குக் குத்திவிட்டாள். ஒலி நின்றது. கருவிக்குப் பேட்டரி மாற்றிப் பார்த்தார்கள். பிறகு கருவியையே மாற்றினார்கள். மற்றவர்கள் கையில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன.

இதனால் அவள் சோதனைச் செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். பத்துப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள், ஒருத்தியிடம் கத்தி இருக்கும். கருவி ஒலித்தபின்தான் கையால் தடவிப் பார்க்கலாம் என்பது விதி. முதல் முறை கத்தி வைத்திருந்தவள் கலகலவென்று இருந்ததால் கருவி வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை நிச்சயதார்த்தம் நின்றுபோன ஒருத்தியிடம் ஒலிக்க, அவள் கதையைக் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. இறுதியாண்டில் வந்த மூன்றாம் முறைதான் கடைசி வாய்ப்பு. ஒரகடம் தொழிற்சாலை ஒன்று பட்டத்தோடு வந்தால் பாதுகாப்பு அதிகாரி வேலை தருவதாகச் சொல்லி, ஜூன் வரை காத்திருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா வீரபத்திரன் அவளுக்கு நீலச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

அன்று தேர்வாளராக வந்தவர் சக்ரவர்த்தி, ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஒன்பது பேரிடம் கருவி பேசவில்லை. பத்தாவதாக நின்றவள் வள்ளி. அந்த வருடம் அவளும் அதே படிப்பில் சேர்ந்திருந்தாள். கருவி கோயில் வாசலில் ஒலித்ததைவிடச் சத்தமாக ஒலித்தது.

சுகாசினி கையால் தடவவில்லை. வழக்கம்போல், "அம்மா ஞாபகமாம்மா?" என்று கேட்டாள்.

வள்ளி இல்லையென்று தலையாட்டினாள். கண் நிறைந்திருந்தது. குலுக்கலில் கத்தி தன் பெயருக்கு விழுந்ததிலிருந்து, தன்னால் இந்த அக்கா தோற்றுவிடுவாளே என்று அவள் காலையில் சாப்பிடவும் இல்லை. அதைச் சொல்ல விதி இடம் தரவில்லை.

சுகாசினி அவள் முகத்தையே பார்த்தாள். "எனக்காகவாம்மா?" என்றாள் மெதுவாக. பிறகு விதிப்படி கையால் தடவி, இடுப்பு வாரில் செருகியிருந்த கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒலி நின்றது. இரும்பு அகன்றதும் கருவி அடங்கியது என்று சக்ரவர்த்தி குறித்துக்கொண்டு, முழு மதிப்பெண் போட்டார். "மொதல்ல போய் எதனா துன்னு," என்று சுகாசினி வள்ளியைக் கேன்டீனுக்கு அழைத்துப்போனாள். என்றோ கொடுத்த ஒரு மிடறு தண்ணீரை ஆண்டவன் மறப்பதில்லை.

இப்போது ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் பெண்கள் வாயிலில் சுகாசினிதான் அதிகாரி. இரும்பைப் பார்க்க அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி நிற்கிறாள். சுகாசினியின் கருவி ஒலித்தால் ஆளை ஓரமாக ஒரு பெஞ்சில் உட்காரவைப்பாள். அங்கே தண்ணீர்க் குடம் இருக்கிறது. காலை ஷிப்டுக்கு வரும் பெண்கள் அந்தப் பெஞ்சுக்கென்றே பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள்.