நறுமுகையின் 4217ஆம் பக்கம்

என் அக்கா அமுதவல்லிக்கு அநியாயம் செய்துவிட்டார்கள். அவள் மகள் நறுமுகையின் உடலை நகலெடுத்தபோது ஒரு பக்கம் விடுபட்டுப்போனது. பழி அக்கா மேல் விழுந்தது.

குழந்தைக்கு நாலு வயது. இரண்டரை வயதில்தான் உட்கார்ந்தாள். இன்னும் பேச்சு வரவில்லை. சிரிப்பு மட்டும் மற்ற பிள்ளைகளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. "கிரகணத்தன்னைக்கு வெளியே நின்னா, பப்பாளியும் தின்னா," என்று அக்காவின் மாமியார் தெருவுக்கே சொல்லிவிட்டார். அக்கா அதை நம்பத் தொடங்கியிருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டுக் கரு நகல் அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஊரில் அது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாவு மில்லை ஒட்டி இருக்கிறது.

பிறக்கப்போகிற ஒவ்வொருவரையும் அங்கேதான், தாயின் புத்தகத்தையும் தகப்பன் புத்தகத்தையும் பார்த்துக் கையால் எழுதுகிறார்கள். எழுத்தர் துரைக்கண்ணு மூன்று புத்தகங்களை எடுத்து வந்தார். 4217ஆம் பக்கம் அக்காவுடையதில் இருந்தது. அத்தானுடையதிலும் இருந்தது. நறுமுகையுடையதில் 4216க்குப் பிறகு 4218.

"பரம்பரையா வந்ததில்லை. புதுசா இங்கேயே நடந்தது," என்றார். "ஓரத்துல குறிப்பு இருக்கு பாருங்க. எழுதினவர் தும்மியிருக்கார். தும்மினா எழுந்து போய்த் தண்ணி குடிச்சு, கொஞ்சம் உட்கார்ந்துட்டுத்தான் மறுபடி எழுதணும், ஆபீஸ் வழக்கம். திரும்பி வந்தவர் ஒரு பக்கம் தள்ளி ஆரம்பிச்சிட்டார்."

"அப்போ விட்டதை எழுதிச் சேருங்க."

"தைச்ச புத்தகத்தைப் பிரிக்கக் கூடாதும்மா. பிள்ளை உள்ளே இருக்கு."

அது நியாயம்தான். சரி, தாய் மேல் தவறில்லை என்றாவது எழுதித் தாருங்கள் என்றேன். அதற்குப் படிவம் இல்லையாம். தாய் மேல் தவறு என்பதற்கு மட்டும் மூன்று நிறத்தில் வைத்திருந்தார்கள்.

"பப்பாளி சாப்பிட்டாங்களா?" என்று பச்சைப் படிவத்தை எடுத்தார்.

"சார், நீங்க வயித்துல இருந்தப்போ உங்க அம்மா என்ன சாப்பிட்டாங்க?"

யோசித்தார். "பப்பாளிதான். தோட்டமே இருந்தது."

"உங்க புத்தகத்தை எடுங்க."

எடுத்தார். ஒரு பக்கமும் குறையவில்லை. பச்சைப் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். கேட்கட்டும் என்று உட்கார்ந்தேன். பதினோரு நாள் போய் உட்கார்ந்தேன். செமஸ்டர் தேர்வுக்கு அங்கேயே படித்தேன். நகலெடுப்பவர்கள் என் குறிப்புகளில் இருந்த தவறுகளைத் திருத்தித் தந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது. பழி எங்கே சொல்லப்பட்டதோ அங்கேதான் பதிலும் தர வேண்டும் என்பது விதி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலகம் அக்காவின் தெருவுக்கு வந்தது. சற்றுப் பெரிய கட்டடம். முனையில் பொறுமையாகத் திரும்பியது. மாமியார் காயப்போட்டிருந்த மிளகாயை ஓரமாக அள்ளி இடம் விட்டார். அக்கா நறுமுகையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாடி ஜன்னல் திறந்தது. துரைக்கண்ணு தெரு முழுக்கக் கேட்கும்படி படித்தார்:

"பக்கத்தை விட்டது நாங்கள். அமுதவல்லி தின்றதிலும் தவறில்லை, நின்றதிலும் தவறில்லை."