பொன்னிலைப் பெருவிழாவும் ஆட்டுக்கறியும்

லாங்கன்தால் நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், உலகின் ஏனைய பாகங்களில் இச்செய்தி தெரியாமலே நிம்மதியாக இருக்கும் கோடானுகோடிப் பேருக்கும் இத்தால் அறியத்தருவது யாதெனில்: எண்பத்தைந்தாம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், சுவிற்சர்லாந்து நாட்டின் மலைகளை நேரில் சென்று பார்வையிடுவதென எமது நலன்புரிச் சங்கம் ஏகமனதாகத் தீர்மானித்தது. மலைகளுக்கு இதுபற்றி முன்கூட்டியே அறிவிக்கப்படவில்லை.

சங்கத்தில் அப்போது பதினொரு உறுப்பினர்கள். பதவிகள் ஒன்பது. மிச்சம் இரண்டு பேரும் ஆலோசகர்கள். அவர்களில் ஒருவன் நான். என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை என்பதால் அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது.

தலைவர் நித்தியானந்தன் ஊரில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்தவர். இங்கே புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து உணவகம் ஒன்றில் சட்டி கழுவினார். இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்த பள்ளத்தைக் கூட்டம் போட்டுப் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். குற்றம் சொல்வதற்கில்லை. அகதி விண்ணப்பங்களுக்குப் தலைநகர் பெர்னிலிருந்து வரவேண்டிய பதிலுக்காக எல்லாரும் காத்துக்கிடந்த காலம் அது. இருக்க விடுவார்களா, திருப்பி அனுப்புவார்களா என்று தெரியாத ஒருவன், ஞாயிற்றுக்கிழமை எதையாவது தீர்மானித்தால்தான் திங்கட்கிழமை வேலைக்கு எழும்பலாம்.

மலை யோசனை உண்மையில் சங்கத்தினுடையதல்ல. தலைவரின் மனைவி செல்வராணியினுடையது. அவர் முதியோர் இல்லமொன்றின் சலவைக்கூடத்தில் கிழமையில் ஆறு நாள் நின்றார். நின்றார் என்பதுதான் சரி. அங்கே கதிரை கிடையாது. ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கத்தால் வருவதை மடித்து அடுக்குவது வேலை. ஏழாவது நாள் சங்கத்துக்கு உரியது, ஏனென்றால் சங்கத்துக்குக் கட்டடம் இல்லை, தலைவருக்கு ஒரு வீடு இருந்தது.

செப்டெம்பர் மாதத்தில் ஒரு பின்னேரம், சுடுதண்ணீர் வாளிக்குள் காலை வைத்துக்கொண்டு செல்வராணி சொன்னார்:

"இஞ்சாருங்கோ, எங்களோட வேலை செய்யிற கெர்பர் மனிசி சொல்லுறா, அடுத்த மாதம் மலைப்பக்கம் இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமா மாறுமாம். ஒரு ஞாயிறு போவமே?"

"போய்?"

"போய் ஒண்டுமில்லை. ஒரு வாங்கிலை இருக்கலாம்."

"இருந்து?"

"இருக்கிறதுதான். ஒரு ஞாயிறாவது ஒருத்தருக்கும் ஒண்டும் அவிக்காமல், துடைக்காமல் சும்மா இருந்து பாக்கவேணும் போலை கிடக்கு."

தலைவர் யோசித்தார். அவர் யோசித்தால் எந்த விடயமும் பொதுநலமாகிவிடும். "நல்ல விசயம். இதைச் சங்கத்துக்குள்ளாலை செய்வம்," என்றார்.

செல்வராணி காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று பார்க்கப் போனார். கூட்டம் என்றால் கிழங்கு வைத்துப் பொரித்த றோல்ஸ் வேண்டும்.

முதற்கூட்டத்தில் முதல் ஒரு மணித்தியாலம் பெயர் வைப்பதில் போனது. 'இலையுதிர்காலச் சுற்றுலா' என்று செயலாளர் எமிலியானுஸ் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எமிலியானுஸ் மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பிஸ்கற் தொழிற்சாலையில் இரவுவேலை, எந்தக் கூட்டத்திலும் அரைக்கண் மூடித்தான் இருப்பார். வாய் மட்டும் நித்திரை கொள்ளாது.

"உதிர்கிறது எண்டு தொடங்கினா மங்களமில்லை," என்றார் தலைவர். "பொன்னிலைப் பெருவிழா எண்டு வைப்பம்."

"பதினொரு பேர் ரெயினிலை போறது பெருவிழாவோ, அண்ணை?"

"உள்ளம் பெரிசா இருந்தாச் சரி."

அடுத்தது சாப்பாடு. இதற்குத் தம்பித்துரை எழுந்து நின்றார். தம்பித்துரைதான் உணவுப் பொறுப்பாளர். ஊரில் கீரிமலைக்குப் போனாலும் கசூரினாக் கடற்கரைக்குப் போனாலும் அவருடைய ஆட்டுக்கறிச் சட்டி கூடவே போனதாகவும், அது போகாத பயணம் பயணமே அல்ல என்றும் அவர் விளக்கினார். பக்கத்துக் கிராமத்துச் சுவிஸ் கமக்காரன் ஒருவனிடம் ஆட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டார். சபை கைதட்டியது.

தலைவர் உள்ளே போய்ப் பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார்.

இந்த இடத்தில்தான் மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகரத் தொடங்கியது. ஞாயிறு காலையில் பயணம் என்றால் கறி சனிக்கிழமையே ஆக்கவேண்டும். நடப்பதோ புரட்டாதி மாதம். சனிக்கிழமை எள்ளெண்ணெய் எரித்து விரதம் பிடிக்கிற வீட்டில் ஆட்டிறைச்சியா?

"அப்ப புரட்டாதி முடியட்டும்," என்றார் தம்பித்துரை.

"முடிய முன்னமே நவராத்திரி துவங்குது," என்றார் தலைவர் பக்கத்தைப் புரட்டியபடி.

"நவராத்திரி முடிய?"

"விசயதசமியோட கேதாரகௌரி. இருபத்தொரு நாள்."

"அது பொம்பிளையளுக்குத்தானே?"

"காப்பு நானும் கட்டுறனான்."

"சரி, தீபாவளியோட அது முடியுது. அதுக்குப் பிறகு?"

"கந்தசஷ்டி."

தம்பித்துரை இருந்துவிட்டார். எமிலியானுஸ் ஒரு கண்ணைத் திறந்தார். "சைவக்காரர் எப்ப சாப்பிடுறனீங்கள் எண்டு எனக்கு இண்டுவரைக்கும் விளங்கேல்லை. எங்களிலை பாருங்கோ, வெள்ளிக்கிழமை மட்டும்தான் பிரச்சினை. அதையும் ஒருத்தரும் கணக்கெடுக்கிறேல்லை."

அப்போது அடுக்களை வாசலில், தேத்தண்ணித் தட்டோடு நின்ற செல்வராணி கேட்டார்: "இலை பாக்கத்தானே போறம்? மரக்கறி கொண்டு போனா என்ன?"

சபை கையிலிருந்த றோல்ஸைத் தட்டில் வைத்தது. இத்தகைய முகங்களை நான் ஒரு செத்த வீட்டில் பார்த்திருக்கிறேன்.

"கத்தரிக்காய்க் குழம்போட மலை ஏறுறதோ, அக்கா?" என்றார் தம்பித்துரை, கோபமில்லாமல், துக்கத்தோடு.

"சங்கத்தின்ரை முதல் விழா," என்றார் தலைவர். "ஏனோதானோ எண்டு செய்யேலாது. கார்த்திகை மாதத்துக்கு வைப்பம். எல்லாம் ஒழிஞ்சு நிம்மதியாப் போகலாம்."

தீர்மானம் நிறைவேறியது. மரங்களுக்குப் பஞ்சாங்கம் உண்டா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் றோல்ஸ் சூடாக இருந்தது.

விழாவுக்கு இரண்டு மாதம் இருந்தபடியால் ஒவ்வொரு ஞாயிறும் ஆயத்தக் கூட்டம் நடந்தது. பதாகையின் நிறத்துக்கு ஒரு கூட்டம். வரவேற்புரை யார், நன்றியுரை யார் என்பதற்கு இரண்டு. ரெயினில் யாருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்பது ஒரு கூட்டத்தில் முடியாமல் அடுத்ததற்கும் போனது, ஏனென்றால் உபதலைவரும் பொருளாளரும் அப்போது கதைப்பதில்லை. எல்லாக் கூட்டத்துக்கும் தேத்தண்ணி வந்தது, ஏதாவது பொரித்ததும் வந்தது. கூட்டம் முடிந்ததும் பதினொரு பேரும் எழும்பிவிடுவோம். கோப்பைகள் இருக்கும்.

சலவைக்கூடத்தின் சின்ன யன்னலுக்கு வெளியே ஒரு மேப்பிள் மரம் நின்றது. ஒக்டோபர் தொடக்கத்தில் அதன் ஒரு பக்கம் சிவந்தது. திங்கட்கிழமை தோறும் கெர்பர் மனிசி விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, நேற்றைக்கு மலைக்குப் போனாயா என்று கேட்பார். அடுத்த கிழமை, என்பார் செல்வராணி. அந்த ஜேர்மன் சொற்களை அவர் பிழையில்லாமல் சொல்லப் பழகிவிட்டார்.

கேதாரகௌரி விரதம் தொடங்கியது. கணவனின் நலத்துக்காக ஒருநேரச் சாப்பாட்டோடு செல்வராணி சூடான உருளைக்கு முன்னால் நின்றார். கணவனின் நலம் சிறப்பாகவே இருந்தது. வரவேற்புரை ஏழு பக்கத்தைத் தாண்டிவிட்டது. தலைவரும் காப்புக் கட்டியிருந்தார். ஆனால் உணவகத்துக்காரரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அங்கே கொடுத்ததைச் சாப்பிட்டார்.

விரதத்தின் நடுவில் ஒரு சனிக்கிழமை, வேலை முடிந்து வந்த செல்வராணி சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார்.

"இஞ்சாருங்கோ, கெர்பர் மனிசி சொல்லுறா, நாளைக்குத்தான் கடைசியாம். அதுக்குப் பிறகு காத்து வந்து எல்லாத்தையும் கொட்டிப்போடுமாம்."

"நாளைக்குக் கூட்டமெல்லே."

"கூட்டம் இருக்கட்டும். நாங்கள் ரெண்டு பேரும் போட்டு வருவம். விரதச் சாப்பாடுதானே, ஒரு வாழைப்பழம் காணும்."

தலைவருக்கு ஒரு கணம் ஆசை வந்ததாகத்தான் தெரிகிறது. யன்னலால் எட்டிப் பார்த்தாராம். பிறகு தொண்டையைச் செருமினார்.

"தலைவர் தனியப் போய்ப் பாத்திட்டார் எண்டு கதைப்பினம். உபதலைவர் இதுக்குத்தான் காத்துக்கொண்டிருக்கிறார். சங்கமே உடைஞ்சுபோகும். நீர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

"அப்ப நான் தனியப் போகட்டோ?"

"நாளைக்கு ஆரோ புது ஆக்கள் ரெண்டு பேரும் கூட்டத்துக்கு வருகினம்," என்றார் தலைவர். அது பதில் என்று அவர் நினைத்தார்.

மறுநாள் வெய்யில் எறித்தது. கூட்டத்தில் பதாகைக்கு மஞ்சள் நிறம் என்று முடிவாகியது. செல்வராணி உழுந்துவடை சுட்டார். அந்தக் கிழமையே காற்று வந்தது. மேப்பிள் மரத்தை இரண்டு நாளில் முடித்துவிட்டது. கெர்பர் மனிசி அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் கடைசிப் பகுதியில் பஞ்சாங்கம் வழிவிட்டது. ஆடு வந்தது. உணவுப் பொறுப்பாளர் தம்பித்துரை அதைக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துவிட்டு, பொறுப்போடு ருசி பார்க்க வருவதாகச் சொல்லிப் போனார். சனிக்கிழமை வேலையால் வந்த செல்வராணி இறைச்சி வெட்டி, தேங்காய்த்துருவலில் பால் பிழிந்து, கறி ஆக்கி, விடிய எழும்பிப் புட்டு அவித்தார்.

ஞாயிறு காலை எல்லாரும் தலைவர் வீட்டு வாசலில் கூடினோம். தலைவர் கோட்டும் சூட்டுமாக நின்றார். பதாகையை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள். செல்வராணி கறிச்சட்டியைத் துணியால் கட்டித் தம்பித்துரையின் கையில் கொடுத்தார். புட்டுப் பெட்டியை என்னிடம் தந்தார். சட்டைக்கு மேல் இன்னும் அடுக்களைத் துணி கட்டியிருந்தது.

"நீர் வெளிக்கிடேல்லையோ? ரெயினுக்கு நேரமாச்சு," என்றார் தலைவர்.

"நீங்கள் போட்டு வாங்கோ."

"என்ன கதை இது? உமக்காகத்தானே இவ்வளவும்!"

செல்வராணி அவரைப் பார்த்தார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"இலை விழுந்திட்டுதப்பா," என்றார். கதவைச் சாத்தினார்.

துன் ஏரிக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முழங்கால் நனைய வெண்பனி கிடந்தது. மலை இருக்கிறதா என்று சொல்ல முடியாதபடி புகார்மூட்டம். மலைக்கு ஆட்களை ஏற்றும் தொங்குகதிரைகள் வசந்தம்வரை கழற்றப்பட்டிருந்தன. மரங்கள் நின்றன. எரிந்த ஊரொன்றில் மிச்சமாகும் மரங்களைப் போல நின்றன. நாயோடு வந்த ஒரு கிழவர் எங்கள் மஞ்சள் பதாகையை நின்று பார்த்தார். நாயும் பார்த்தது. பிறகு இரண்டும் வீட்டுக்குப் போயின.

தலைவர் ஒரு கல்லின்மேல் ஏறி வரவேற்புரையைத் தொடங்கினார். "பொன்னை உருக்கி வார்த்தது போல நம் கண்முன்னே விரிந்துகிடக்கும் இந்த இலைகளே..."

"அண்ணை, கையாலை காட்டிப் பேசுங்கோ," என்றார் எமிலியானுஸ். "எங்களுக்குத் தெரியேல்லை."

"எழுதினபடி வாசிக்க விடும் ஐசே."

இரண்டாம் பக்கத்தில் தாள் நனைந்து எழுத்துக் கரைந்தது. கைதட்டினோம், கை விறைத்திருந்ததால் அது உதவியாகவும் இருந்தது. பிறகு பஸ் தரிப்பிடத்துக் கூரைக்குக் கீழே சட்டியை அவிழ்த்தோம். கறியின்மேல் கொழுப்பு உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. தம்பித்துரை கரண்டியால் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது.

"வெளியிலை கிடக்கிற மாதிரித்தான் உள்ளையும்," என்றார் எமிலியானுஸ்.

அந்தக் குளிரில் நின்றபடியே, கொழுப்பைச் சுரண்டி எறிந்துவிட்டுப் புட்டும் கறியும் தின்றோம். கறி நல்ல கறி. உறைந்தும் நல்லாயிருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைவர் சரியாகச் சாப்பிடவில்லை. பஸ் வரும்வரை, பக்கத்தில் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த வாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்மேல் ஒரு முழத்துக்குப் பனி கிடந்தது. கோட்டுக் கையால் கொஞ்சம் தட்டிவிட்டார். பிறகு விட்டுவிட்டார்.

திரும்பும் ரெயினில் உபதலைவரும் பொருளாளரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து நித்திரையானார்கள். விழாவின் சாதனை என்று சொல்ல வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. லாங்கன்தாலில் இறங்கியதும் தலைவருக்கு உயிர் வந்தது. விழா முடிந்தால் மதிப்பீட்டுக் கூட்டம் வைப்பது முறை என்றார். வழமைபோல அவர் வீட்டில். ஈரச் சப்பாத்துகளோடு பதினொரு பேரும் படியேறினோம்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. அடுக்களையில் காலையில் வைத்த சட்டிபானைகள் வைத்தபடியே இருந்தன. படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தலைவர் விளக்கைப் போட்டார். நாங்கள் எங்கள் எங்கள் இடங்களில் இருந்தோம். செயலாளர் சென்ற கூட்டத்து அறிக்கையை வாசித்தார், உபதலைவர் வழிமொழிந்தார், வரும் ஆண்டு வசந்தகாலத்தில் பூக்களைப் பார்வையிட ஓர் உபகுழு அமைப்பதென்று தலைவர் பிரேரித்தார். சபை அடுக்களை வாசலைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. தலைவர் எழும்பிப் போய்ப் படுக்கையறைக் கதவை மெல்லத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே சாத்தினார்.

செல்வராணி நித்திரையாக இருந்தார்.