பச்சையை அமுக்கு

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். எங்கள் அலுவலக மேலாளர் என்னைக் கூப்பிட்டு, போன் மோசடி பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார். “கதை மாதிரி எழுதும்மா. படிக்காத ஜனங்கதான் இதுல மாட்டுது. அவங்களுக்குப் புரியணும்.”

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்த அத்தனை பேரும் அவர் சொன்ன அந்த ஜனங்கள்தான். “சரி சார்” என்று சொல்லிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

அவரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வாரம்தான் என் அம்மா மாட்டியிருந்தாள்.

2

முதல் தொடக்கம்: ‘ஓர் அப்பாவித் தாய் இருந்தாள்.’ அடித்துவிட்டேன். என் அம்மா தையல்காரி. துணிக்கடைக்காரர் அரை விரல் குறைத்து வெட்டினாலும் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். அவளைப் போய் அப்பாவி என்று எழுதினால் எனக்குத்தான் வெட்கம்.

இரண்டாம் தொடக்கம்: ‘அன்று வானம் இருண்டு—’ வேண்டாம். காலை பதினோரு மணி, நல்ல வெயில்.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. ஓர் இளைஞனின் குரல்.

“அம்மா, போன் கம்பெனி சர்வீஸ்ல இருந்து பேசறேன். உங்க போன் அடிக்கடி சூடாகுதா?”

“ஆமா தம்பி. எப்படித் தெரியும்?”

(சூடாகத்தான் செய்யும். அவள் அதை வைப்பது இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில்.)

“வைரஸ் ஏறியிருக்கும்மா. ஒரு லிங்க் அனுப்பறேன். நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. அவசரமே இல்ல, நிதானமா.”

செயலி இறங்கியது. பெட்டி பெட்டியாக அனுமதி கேட்டது: குறுஞ்செய்தியைப் படிக்கலாமா, பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாமா, உங்கள் பேரில் செய்தி அனுப்பலாமா, திரையைப் பார்க்கலாமா. நான்கு பெட்டி. நான்கிலும் ஒரு பச்சைப் பொத்தான், ஒரு சிவப்புப் பொத்தான். அம்மா நான்கு முறையும் பச்சையை அமுக்கினாள்.

3

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அம்மா மேல் இல்லை. அந்தப் பயல் மேலும் இல்லை. அவன் திருடன், அதில் என்ன சந்தேகம். என் மேல்தான்.

முதல் வரைவில் நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவைக் காப்பாற்றும் புத்திசாலி மகள். உண்மையில், வந்ததும் அம்மா நடந்ததைச் சொல்ல, கத்தினேன்.

“எவனோ சொன்னா அமுக்கிடுவியா? அறிவில்ல?”

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “நீதானடி சொன்ன.”

“நான் என்ன சொன்னேன்?”

“போன் வாங்கிக் குடுத்த அன்னிக்கு. ‘எது வந்தாலும் பச்சைய அமுக்கு, செவப்பு பக்கம் போகாத, சும்மா சும்மா என்னைக் கேக்காத’ன்னு.”

சொன்னேன். ஆபீசுக்கு நேரமாகிறது என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

“அந்தத் தம்பி முக்கா மணி நேரம் பொறுமையா சொல்லிக் குடுத்தான். நீ என்னிக்காவது சொல்லியிருக்கியா?”

(இந்த இடத்தில் பதில் ஒன்று எழுதி வைத்திருந்தேன். நல்ல பதில். நான் அதை அன்று சொல்லவில்லை, அதனால் எடுத்துவிட்டேன்.)

4

பணம் போகவில்லை. நீங்கள் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். போனின் இணையத்தை அணைத்தேன், சிம்மைக் கழற்றினேன், என் போனிலிருந்து வங்கிக்குப் பேசிக் கணக்கை முடக்கினேன், கடவுச்சொற்களை மாற்றினேன். ஆனால் அதற்கு முன்பே அம்மாவின் எண்ணிலிருந்து அறுபது வாடிக்கையாளர்களுக்கு ஒரு செய்தி போய்விட்டது: ‘உங்க துணி ரெடி. போட்டோ பாருங்க.’ கூடவே ஒரு கோப்பு. தொட்டால் அவர்கள் போனுக்கும் அதே நோய்.

அம்மாவின் முகம் அப்போதுதான் மாறியது. “என் பேர நம்பித் தொடுவாங்களேடி.”

இருபது வருடமாகச் சம்பாதித்த பெயர். அது இப்போது அறுபது போன்களில் தூண்டில் புழுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு, அந்தப் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிது போலாக்கினேன். பிறகு என் போனிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். அம்மா பெயர்ப் பட்டியலில் யாருக்கும் பெயர் கிடையாது. ‘தோள் இறக்கம்’, ‘நீளக் கை’, ‘மூச்சு விடாத டைட்’.

நான் பேசிய முதல் ஆளே நம்பவில்லை. “புது நம்பர்ல இருந்து பேசிட்டு, டெய்லர் அக்கான்னா? ஏமாத்தறதுக்கு வேற ஆளப் பாரு.”

இணைப்பை வெட்டிவிட்டாள். சரியாகத்தான் செய்தாள், அதுதான் எரிச்சல்.

அம்மா போனைப் பிடுங்கி மறுபடி கூப்பிட்டாள். “வெக்காத. உனக்கு இடது தோள் அர இன்ச் எறக்கம். வெளிய தெரியாம உள்ள பஞ்சு வெச்சுத் தெச்சுத் தரேன். வேற யாருக்குத் தெரியும்?”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “சொல்லுங்கக்கா.”

அறுபது பேரின் ரகசியமும் அன்று வேலை செய்தது. ‘நீளக் கை’ சிரித்தாள்: “நீங்க எழுதி அனுப்பினதே இல்லையேக்கா. எப்பவும் பேசித்தான அனுப்புவீங்க? எழுத்தப் பாத்ததும் தொடல.” தொட்டவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் கல்லூரிப் பேராசிரியை. மேலாளரே, குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று பேருக்கும் போனைச் சரிசெய்யும் வழியை அம்மா நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள், என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு. நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். செருப்பு வாசலில் கிடந்தது.

5

மேலாளர் கேட்ட விதிகள் இதோ. பத்து எழுதினேன், அம்மாவிடம் வாசித்தேன். கொட்டாவி விட்டாள்.

“இவ்வளவு எதுக்கு? நம்ம மெஷின் ரிப்பேர்காரர் இருக்காரே, பத்து தடவ கூப்பிட்டா ஒரு தடவ வருவாரு. அதுவும் நாளைக்கும்பாரு. ரிப்பேர்காரன் தானா வந்து ‘உங்க மெஷின் கெட்டுப்போச்சு’ன்னா, அப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். நான் கூப்பிடாத ரிப்பேர்காரன் எனக்கு வேணாம். அவ்வளவுதான், எழுதிக்கோ.”

பத்தையும் கிழித்தேன். ஒன்றே ஒன்றை மட்டும் அடியில் சேர்த்தேன், அது எனக்கு: போன் வாங்கிக் கொடுப்பவர் சிவப்புப் பொத்தானையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

6

முடிவு மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவன் பிடிபடுகிறான். பொய். நம்பாதீர்கள்.

இரண்டு: அம்மா போனைத் தலைமுழுகிவிடுகிறாள். அதுவும் பொய். மறுநாளே அதே போனில் ஓர் அளவைப் பேசிப் பதிவு செய்தாள்.

மூன்று: நான்கு நாள் கழித்து அவனே திரும்பக் கூப்பிட்டான். அதே நிதானம். “அம்மா, வைரஸ் இன்னும் முழுசா போகல. நான் சரி பண்ணித் தரேன்.” நான் போனைப் பிடுங்கக் கை நீட்டினேன். எத்தனை வசவு சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா? அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

“என் போன். நான் பேசிக்கறேன்.”

பேசினாள். ஒரே ஒரு வாக்கியம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பக்கம் முதன்முறையாக அவன் நிதானம் போனது.

“அத எழுதாதடி, கஸ்டமர்ங்க படிப்பாங்க” என்று தடுத்துவிட்டாள். எனவே இடம் விடுகிறேன். உங்கள் வீட்டுக்கும் அவன் கூப்பிடுவான், அப்போது நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

“தம்பி, ........................................”

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் அவன் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். அம்மா காத்திருக்கவில்லை. விரலை அவளே நகர்த்தினாள், என்னைக் கேட்காமல், சிவப்புக்கு.