காட்டாத படம்

"பாத்து, பாத்து, நிலையில இடிக்கும்" என்று யாரோ சொல்ல, உடல் கிடத்திய சந்தூக்கு ஒருபக்கம் சரிந்து, நிமிர்ந்து, வாசலைத் தாண்டியது. நஸ்லியா அறையின் சீலைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். நேற்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அவளுடைய கணவர் ஸலாஹுதீன், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே மவுத்தாகிவிட்டார். கலிமாச் சத்தம் சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் போய்த் தேய்ந்தது. பெண்கள் பாய் விரித்து ஓத அமர்ந்தார்கள்.

ஸலாஹுதீன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் வாசிக்கிறவர். வெள்ளிக்கிழமை விடிந்தால் கமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கோ வயற்பக்கமோ போய்விடுவார். யாரை எடுத்தாலும் அவர்களிடம் சொல்லிவிடுவார். எடுத்த படத்தை அச்சடித்துக் கொண்டுபோய் அவர்கள் கையிலேயே கொடுப்பார்.

அடக்கம் முடிந்து வந்தவர்களில் ஒருவன் திரைக்கு அப்பால் வந்து நின்றான்.

"அக்கா, நான் பவிதரன். வீரமுனை."

அவளுக்குத் தெரியும். அவரோடு படமெடுக்கத் திரிகிறவர்களில் ஒருவன்.

"ஸலாஹுதீன் நானாட படங்கள வெச்சு ஒரு கண்காட்சி செய்ய யோசிக்கிறம். அவசரமில்ல. ஆனா ஒரு படம் மட்டும் கட்டாயம் வேணும். நீங்க கண்டிருப்பீங்க."

"எந்தப் படம், தம்பி?"

"போன மாசம் எல்லாரும் கூடினம். அவரவருக்குப் பிடிச்ச படத்தத் திரையில காட்டி, அதுக்குப் பின்னால உள்ள கதையச் சொல்லணும். நான் நாவிதன்வெளி வயல்ல கொக்கு எடுத்த கதையச் சொன்னன். நானாட முறை வந்திச்சு. அவர் ஒண்டுமே போடல்ல. திரைய வெள்ளையாவே விட்டிட்டுக் கதைச்சாரு."

"என்ன கதைச்சாரு?"

"கடற்கரையில ஒரு மனிசிய அலை தள்ளி விழுத்தினதாம். அவ எழும்பாம தண்ணிக்குள்ளயே இருந்து சிரிச்சாவாம். அந்தச் சிரிப்ப அவர் சொல்லிக் கேக்கணும், அக்கா. யாரு, எந்த ஊரு, ஒண்டும் சொல்லல்ல. காட்டமாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன், ஆனா நான் எடுத்ததில நல்ல படம் அதுதான் எண்டாரு. அண்டைக்கு எத்தினையோ படம் பாத்தம். எனக்கு ஞாபகம் நிக்கிறது அந்த வெள்ளைத் திரைதான்."

"வாக்குக் குடுத்திட்டாரெண்டா அதுக்கு மேல நான் என்ன செய்ற, தம்பி? மத்தப் படங்களக் கேளுங்க, தாறன்."

அவன் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு அவருடைய லெப்டொப்பைத் திறந்தாள். 'அமானிதம்' என்று பெயரிட்ட ஒரு கோப்புறை அதில் உண்டு. என்ன அது என்று ஒருமுறை கேட்டபோது, "அது ஒரு ஆள்ட பொருள், நஸ்லி. என்ட கையில இரிக்கி, அவ்வளவுதான்" என்றார். அன்றைக்கு அவளுக்குள் சின்னதாக முள் குத்தியது உண்மை. இப்போது, அது ஒரு பெண்ணின் படம் என்று தெரிந்தபின், முள் இன்னும் ஆழமாகப் போயிற்று. திறந்து பார்த்தால் கேட்க ஆளில்லை. விரல் அதன்மேலேயே நின்றது. பிறகு மூடிவைத்தாள்.

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து, பெண்கள் சோறு போட எழுந்த நேரம், அறுபதைத் தாண்டிய ஒரு பெண் தயங்கித் தயங்கி அறைக்குள் வந்தாள்.

"என்ன உங்களுக்குத் தெரியா, மகள். சபியா உம்மா. மருதமுனையில தறி நெய்யிற. உங்கட மாப்பிள்ள என்ன ஒரு படம் எடுத்தாரு."

நஸ்லியா நிமிர்ந்தாள்.

"என்ட மனிசன் மவுத்தாகி, நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்து முடிஞ்ச மறுநாள் கடலப் பாக்கப் போனன். புதுச் சாரி. அலை வந்து அப்படியே தள்ளிவிட்டிட்டு. ஏன் சிரிச்சன் எண்டு எனக்கே தெரியா, மகள். அத்தின நாளும் அழுதது போதும் எண்டு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கும். தூரத்தில நிண்டு எடுத்துப்போட்டு, கிட்ட வந்து சொன்னாரு. நான் பயந்துபோனன். மனிசன் மவுத்தாகிப் பொண்டாட்டி சிரிக்காள் எண்டு ஊரு கதைக்குமே. ஒருத்தருக்கும் காட்டாதீங்க மகன் எண்டன். அப்ப அழிச்சிடவா எண்டு கேட்டாரு. அதுக்கும் மனம் வரல்ல."

"அவர் காட்டல்ல, உம்மா."

"உங்களுக்கிட்ட காட்டியிருப்பாரு."

"எனக்கிட்டயும் காட்டல்ல."

சபியா உம்மா வாயில் கைவைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொந்தப் பொண்டாட்டிக்குமா" என்றாள் மெல்ல. முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, "நான் அதக் கண்டதேயில்ல, மகள். காட்டுறன் எண்டாரு, நான்தான் வெக்கத்தில முகத்தத் திருப்பிட்டன்" என்றாள்.

நஸ்லியா லெப்டொப்பை எடுத்து, கோப்புறையின்மேல் சொடுக்கி, திரையை அந்தப் பக்கம் திருப்பிக் கொடுத்தாள். தான் எழுந்து ஜன்னலோரம் போய் முற்றத்தைப் பார்த்து நின்றாள். கொடியில் அவருடைய சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் மூச்சு இழுபடுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, அடக்கப் பார்த்தும் அடங்காத ஒரு சின்னச் சிரிப்பு.

"இஞ்ச வாங்க, மகள்" என்றாள் சபியா உம்மா. "நீங்க பாருங்க."

நஸ்லியா வந்து அருகில் உட்கார்ந்தாள். திரையில் தூசி படிந்திருந்தது. இன்று காலையில் உடுத்திய வெள்ளைச் சாரியின் தலைப்பால் அதை மெதுவாகத் துடைத்தாள்.